பழைய பேப்பர்ல பை செய்றது எப்படி? அடி கழண்டு போகாத பைக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலா செஞ்ச பேப்பர் பை படிக்கட்டுலயே காலி. கைப்பிடி அறுந்துச்சானு பாத்தா இல்ல, பேப்பர் கிழிஞ்சுச்சானு பாத்தா அதுவும் இல்ல, அடியில ஒட்டினது அப்படியே வாயைத் தொறந்துக்கிச்சு. உள்ள இருந்த உருளைக்கிழங்கு ஒவ்வொண்ணா படி இறங்கி போய்க்கிட்டே இருக்கு, நான் வெறும் பையைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு மேல நிக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு இருபது முப்பது பை செஞ்சிருப்பேன், அதுல புரிஞ்சது இதுதான்: பேப்பர் பை போனா அது அடியிலதான் போகும், மத்ததெல்லாம் அப்புறம். அதனால இதுல அடி மடிக்கிறதைப் பத்தி கொஞ்சம் நீட்டி முழக்கித்தான் சொல்லப் போறேன், பொறுத்துக்கோங்க.

இன்னொண்ணும் இப்பவே சொல்லிடுறேன். இது பிளாஸ்டிக் கவருக்கு எல்லா இடத்துலயும் மாத்து கிடையாது. ஈரம் பட்டா போச்சு. ஆனா வீட்டுல நாம பிளாஸ்டிக் கவரை எதுக்கெல்லாம் எடுக்கிறோம்னு ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்க, பாதிக்கு மேல காஞ்ச பொருளாத்தான் இருக்கும். அதுக்கும் குப்பைக் கூடைக்கும் பேப்பர் தாராளமா போதும். அப்புறம், இதுக்குனு புதுசா பேப்பர் வாங்காதீங்க, அது சுத்த அபத்தம். ஏற்கனவே படிச்சு முடிச்சு மூலையில கிடக்கிற பேப்பருக்கு இன்னொரு வேலை குடுக்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

பேப்பரைத் தெரிஞ்சுக்கோங்க

நியூஸ் பேப்பர் ரொம்ப லேசு. பிரிண்டர்ல போடுற ஏ4 தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் இருக்கும், நியூஸ் பேப்பர் 45 கிராம் பக்கம்தான் வரும். அதனால ஒத்தை ஷீட்ல பை செஞ்சா அது பையே இல்ல, சும்மா உறை. ரெண்டு ஷீட் சேத்துத்தான் செய்யணும், கனமான பொருள்னா மூணு.

ஒரு பழைய பக்கத்தை எடுத்து மேல இருந்து கீழ கிழிங்க. சர்ருனு நேரா வரும். அதே பக்கத்தை இடமிருந்து வலமா கிழிச்சுப் பாருங்க, கோணல் மாணலா எங்கயோ போகும். பேப்பர் மில்லுல ஷீட் ஓடுற திசையிலயே நார் பெரும்பாலும் படுத்துக்கிடும், அதான் காரணம். பெரிய சைஸ் பேப்பர்ல நார் மேலிருந்து கீழ ஓடும், சின்ன டேப்ளாய்ட் சைஸ் பேப்பர் அதையே பாதியா மடிச்சு திருப்பினதுங்கிறதால அதுல குறுக்கால ஓடும். எதுனு குழப்பமா இருந்தா கிழிச்சுப் பாத்துக்கலாம். இது எதுக்கு நமக்குனு கேட்டா, நார் ஓடுற திசையில இழுத்தாதான் பேப்பர் தாங்கும், அதனால பையில நார் வாயில இருந்து அடிக்கு, செங்குத்தா வரணும். இதைத் தெரியாம குறுக்கால வச்சு செஞ்சா அதே பேப்பர், அதே பசை, ஆனா பை பாதி கனத்துலயே முனக ஆரம்பிச்சிடும்.

வழவழனு பளபளப்பா வர்ற விளம்பர இணைப்பு இருக்கே, அதை இந்தப் பைக்கு எடுக்காதீங்க. மேல பூச்சு இருக்கிறதால மாவுப் பசை பிடிக்காது, காஞ்சதும் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். ரொம்பப் பழைய, மஞ்சளாயி மொறுமொறுனு ஆன பேப்பரும் வேணாம், மடிச்ச இடத்துலயே ஒடியும். நியூஸ் பேப்பர்ல மரத்துல இருக்கிற லிக்னின் அப்படியே தங்கிடும், வெயிலும் காத்தும் பட்டா அதான் மஞ்சளாகுது. போன மாசம், அதுக்கு முந்தின மாசம்னு வந்த பேப்பர்தான் சரியான பதம்.

பசை

கடையில விக்கிற வெள்ளைப் பசை ஒட்டும், நல்லாவே ஒட்டும். ஆனா பெரும்பாலும் அதுவும் ஒரு வகை பிளாஸ்டிக்தான், பிளாஸ்டிக் வேணாம்னு பை செஞ்சுட்டு அதுல அதையே பூசுறதுல என்ன இருக்கு. மைதா பசையே போதும்.

கால் கப் மைதாவுக்கு கால் கப் பச்சைத் தண்ணி ஊத்தி கட்டியில்லாம கரைச்சுக்கோங்க. இன்னொரு பாத்திரத்துல ஒரு கப் தண்ணி கொதிக்கட்டும், கொதிச்சதும் தீயைக் குறைச்சுட்டு கரைச்ச மாவை மெதுவா ஊத்திக்கிட்டே விடாம கிண்டணும். மூணு நாலு நிமிஷத்துல வெள்ளையா இருந்தது கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆகும், கரண்டியைத் தூக்கினா பட்டையா வழியும், அதான் பதம். மாவுல இருக்கிற ஸ்டார்ச் 60, 70 டிகிரிக்கு மேல சூடானாதான் தண்ணியைக் குடிச்சு உப்பி பசையாகும், சும்மா பச்சைத் தண்ணியில கரைச்சுப் பூசினா காஞ்சதும் பவுடரா கொட்டிடும். ஆறினா இன்னும் கெட்டியாகும், அதனால அடுப்புல இருக்கும்போதே ரொம்ப இறுக விடாதீங்க.

பழைய ஆளுங்க பைண்டிங் பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க. வீட்டுப் பைக்கு அது வேண்டவே வேண்டாம், அது விஷம், குழந்தைங்க கை வைக்கிற இடம். பசையைக் கொஞ்சமா காய்ச்சுங்க, ரெண்டு மூணு நாள்ல முடிச்சிடுங்க, புளிச்ச வாடை வந்தா கீழ ஊத்திடுங்க.

பசையை கெட்டியா, மெல்லிசா பூசணும். தண்ணியா இருக்கிற பசையை அள்ளிப் பூசினா பேப்பர் ஊறி வீங்கும், காயும்போது சுருங்கி அப்பளம் மாதிரி நெளிஞ்சுக்கும். பழைய டூத் பிரஷ் இருந்தா அதுலயே பூசலாம், நான் விரல்லதான் பூசுறேன், விரலுக்குத்தான் எங்க அதிகமாச்சுனு தெரியும்.

இனி பை

உங்க பேப்பரை முழுசா விரிச்சு ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க, ஒவ்வொரு பேப்பரும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். நான் 70 செ.மீ. அகலம், 55 செ.மீ. உயரம்னு வச்சு சொல்றேன், உங்க அளவுக்கு மாத்திக்கலாம், கணக்கு ஒண்ணுதான்.

ரெண்டு ஷீட்டை ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. முழுசுக்கும் பசை பூசி ஒட்டாதீங்க, நெளிஞ்சு நாசமாயிடும், நாலு ஓரத்துலயும் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பூசி ஒட்டினா போதும். மேல் ஓரத்துல 4 செ.மீ. உள்பக்கமா மடிச்சு ஒட்டிடுங்க, அது பை வாய். வாயை மடிக்காம விட்டா நாலு தடவை தூக்கினதும் அங்க இருந்துதான் கிழிசல் கிளம்பும்.

இப்ப ஷீட்டை உள்பக்கம் மேல தெரியுற மாதிரி போட்டு, இடது வலது ரெண்டு ஓரத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து ஒண்ணு மேல ஒண்ணு 2 செ.மீ. ஏறுற மாதிரி ஒட்டுங்க. 34 செ.மீ. அகலத்துல ஒரு தட்டையான குழாய் கிடைக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள ஒரு அட்டையோ பழைய நோட்டோ நுழைச்சு வச்சிடுங்க. இல்லைனா பசை கசிஞ்சு முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டிக்கும், பிரிக்கப் போனா கிழியும், எனக்கு ஆச்சு, ரெண்டு தடவை ஆச்சு. ஒட்டின இடத்தை துணியால அழுத்தித் தேச்சுட்டு ஒரு இருபது நிமிஷம் விட்டுடுங்க. இந்த இருபது நிமிஷத்துலதான் நிறைய பேர் அவசரப்பட்டு அடி மடிக்கப் போறாங்க, ஈரப் பேப்பர் மடிப்புல நகம் பட்டாலே பொத்துக்கும்.

காஞ்சதும் குழாயை, ஒட்டின கோடு கீழ தரையைப் பாக்கிற மாதிரி, வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கமா, அடி உங்க பக்கமா வச்சுப் போடுங்க.

பைக்கு பக்க அகலம், அதாவது பை நின்னா அதோட கனம், எவ்வளவு வேணும்னு முடிவு பண்ணிக்கோங்க. நான் 10 செ.மீ. எடுத்துக்கிறேன். அதோட ஒன்றரை சேத்தா பதினொன்றரை. அடியை மேல்நோக்கி 11.5 செ.மீ. மடிச்சு நகத்தால நல்லா அழுத்திக் கீறுங்க. சும்மா மடிச்சா பத்தாது, நகமோ ஸ்பூனோட முதுகோ வச்சு ஓட்டணும், மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும்.

இப்ப மடிச்ச பாகத்துல ரெண்டு அடுக்கு இருக்கும் பாருங்க. மேல் அடுக்கோட விளிம்பைப் புடிச்சு உங்க பக்கமா இழுங்க, கீழ் அடுக்கு அங்கயே படுத்திருக்கட்டும். வாய் தொறக்கும், ரெண்டு பக்க ஓரமும் உள்ள வாங்கி தானாவே முக்கோணமா மடிய ஆரம்பிக்கும். அந்த முக்கோணத்தோட கூர் முனை, நாம முன்னாடி மடிச்ச கோட்டோட நுனியிலயே நிக்கணும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. சரியா வந்தா இடமும் வலமும் கூரா, மேலயும் கீழயும் தட்டையா, நீட்டின அறுகோணம் மாதிரி ஒரு உருவம் உங்க முன்னாடி விரிஞ்சு கிடக்கும், நடுவுல அந்த மடிப்புக் கோடு ஓடும். முதல் தடவை இது வராது. ஒரு பக்கம் கூரா வரும், இன்னொரு பக்கம் கோணிக்கும். பரவால்ல, பசை பூசாம இதை மட்டும் நாலஞ்சு தடவை பிரிச்சு மடிச்சுப் பாருங்க, கை தானா பழகிடும்.

கீழ இருக்கிற இதழை நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றரை செ.மீ. மேல ஏறுற மாதிரி மடிங்க. மேல் இதழையும் அதே மாதிரி நடுக்கோட்டைத் தாண்டி கீழ வர்ற மாதிரி மடிங்க. ரெண்டும் நடுவுல 3 செ.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரும். இந்த 3 செ.மீ.தான் உங்க பையோட உசுரு. என் முதல் பையில இது அரை செ.மீ. கூட இல்ல, பேப்பரை மிச்சம் புடிச்சு பை பெருசா வரட்டும்னு நினைச்சேன், படிக்கட்டுல தெரிஞ்சுது.

மடிப்பு ரெண்டும் சரியா உக்காருதானு பாத்துட்டு பிரிச்சு, இப்ப பசை. முதல்ல அந்த முக்கோணங்கள் மேல பூசுங்க, அப்புறம் கீழ் இதழை மடிச்சு அழுத்துங்க, அப்புறம் அது மேல முழு நீளத்துக்கும் பூசி மேல் இதழை இறக்குங்க. நிறைய பேர் நடுவுல மட்டும் ஒரு கோடு பூசிட்டு முக்கோணத்தை விட்டுடுவாங்க, மூலைவழியா பொருள் எட்டிப் பாக்கும். கடைசியா 22 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்துல ஒரு துண்டு பேப்பரை வெட்டி, நார் நீளவாக்குல ஓடுற மாதிரி பாத்து, அடி முழுசையும் மூடி ஒட்டிடுங்க. இதை செய்யாட்டியும் பை நிக்கும், செஞ்சா நிம்மதியா தூங்கலாம்.

நாலஞ்சு நோட்டுப் புத்தகத்தை அடி மேல தூக்கி வச்சுட்டு ராத்திரி விட்டுடுங்க. காலையில கையை உள்ள விட்டு விரிச்சு நிக்க வச்சா, 24 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனம், 44 செ.மீ. பக்கம் உயரத்துல ஒரு பை. நாலு செங்குத்து ஓரத்தையும் விரலால கிள்ளிக்கிட்டே கீழ வந்தா பெட்டி மாதிரி ஷேப் வந்துடும். உள்ள 23.5-க்கு 9.5-னு பழைய அட்டை ஒண்ணை வெட்டிப் போட்டுட்டா கனம் ஒரே இடத்துல குத்தாம பரவலா உக்காரும். என் பையில ரெண்டு ஷீட்டும் அட்டையும் வச்சு 3 கிலோ புத்தகம் தூக்கிட்டுப் போயிருக்கேன், அதுக்கு மேல எனக்கு தைரியம் வரல.

வேற சைஸ் வேணும்னாலும் கணக்கு இதேதான். குழாயோட தட்டை அகலத்துல இருந்து பக்க அகலத்தைக் கழிச்சா முன்பக்க அகலம் வந்துடும். 34-ல 14 கனம் வேணும்னா முன்பக்கம் 20, அடி மடிக்க வேண்டியது 15.5. சின்ன பைக்கு ஷீட்டை நடுக்கோட்டுல கிழிச்சு பாதி எடுத்துக்கோங்க, 35-ல குழாய் பதினாறரை வரும், கனம் 5-6 வச்சா சாமான் பிரிச்சுப் போட சரியா இருக்கும்.

இந்த அடி சும்மா வந்த விஷயம் இல்லைங்கிறதையும் சொல்லணும். பேப்பர் பை செய்ற மெஷினுக்கு பிரான்சிஸ் வோல்னு ஒருத்தர் 1852-லயே அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கிட்டார், ஆனா அது கவர் மாதிரி தட்டையான பை, நிக்காது. தட்டையான அடி வச்சு தானா மடிச்சு ஒட்டுற மெஷினை உருவாக்கினது மார்கரெட் நைட். அவங்க மெஷினை செஞ்சுக்கிட்டிருந்த பட்டறையில எட்டிப் பாத்த ஒரு ஆள் தன் பேர்ல பேட்டன்ட் எடுக்கப் பாத்தான், அந்தம்மா விடல, வழக்குப் போட்டு தன் வரைபடத்தையெல்லாம் காட்டி ஜெயிச்சு 1871-ல பேட்டன்ட் வாங்கினாங்க. பக்கவாட்டுல மடிப்பு வச்சு தட்டையா அடுக்கி வைக்கிற மாதிரி 1883-ல சார்லஸ் ஸ்டில்வெல் கொண்டுவந்தார். நாம இன்னைக்கு தூக்கிக்கிட்டு திரியுற ஒத்தைத் துண்டு பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு ஸ்வீடன்ல ஸ்டென் துலின் டிசைன் போட்டு கம்பெனி பேட்டன்ட் எடுத்தது 1965-லதான். அந்த அறுகோண மடிப்புல உங்க விரல் சிக்கிக்கிட்டு எரிச்சலா வந்தா, மெஷினுக்கே இதை சொல்லிக்குடுக்க எத்தனை வருஷம் ஆச்சுனு நினைச்சுக்கோங்க.

கைப்பிடி

சின்ன பைக்கு கைப்பிடியே வேணாம், வாயைச் சுருட்டிப் புடிச்சுக்கலாம். பெரிய பைக்கு வேணும்னா, பை முழுசா காஞ்சப்புறம் வாய்க்கு உள்பக்கம் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, 20 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவுல ரெண்டு அட்டைப் பட்டையை ஒட்டுங்க. பழைய நோட்டு அட்டை, காலண்டர் அட்டை எதுவும் ஓகே. அதுல 10-12 செ.மீ. இடைவெளி விட்டு ரெண்டு ஓட்டை போட்டு சணல் கயித்தை வெளியில இருந்து உள்ள விட்டு முடிச்சுப் போடுங்க. முடிச்சு சின்னதா இருந்தா ஓட்டை வழியா உருவிக்கிட்டு வந்துடும், இரட்டை முடிச்சு போடுங்க.

கயிறும் பேப்பர்லயே வேணும்னா, 8 செ.மீ. அகலப் பட்டையை நார் திசையில நீளமா கிழிச்சு, ஒரு ஓரத்துல பசை தடவி இறுக்கமா சுருட்டி, காயறதுக்கு முன்னாடி முறுக்கிடுங்க. அப்படியே ரெண்டு சேத்து திரிச்சா இன்னும் கெட்டி. பாக்க அழகாவே இருக்கும். ஆனா கைக்கு அது சணல் மாதிரி இதமா இல்ல, என் ஓட்டு சணலுக்குத்தான்.

ஸ்டேப்ளர் அடிக்காதீங்க, பின் குத்தின இடத்துல இருந்தே கிழியும், மக்கப் போடும்போதும் பொறுக்கி எடுக்கணும். செலோ டேப் ஒட்டுறதா இருந்தா இவ்வளவு பாடே பட வேணாமே, பிளாஸ்டிக் கவரையே எடுத்துக்கலாம்.

குப்பைக் கூடைக்கு, பசையே இல்லாம

எனக்கு தினமும் உபயோகப்படுறது மேல சொன்ன பெரிய பை இல்ல, இதுதான். ரெண்டு நிமிஷத்து வேலை, பசை கிடையாது, கத்திரி கூட வேணாம்.

ரெண்டு முழு ஷீட்டை ஒண்ணு மேல ஒண்ணு விரிங்க, ஈரக் குப்பைக்குனா மூணு. 70-க்கு 55 இருக்கிறதை சதுரமாக்கணும், அதிகமா இருக்கிற 15 செ.மீ. பட்டையை கிழிக்க வேணாம், உள்பக்கமா மடிச்சிடுங்க. 55-க்கு 55 சதுரம். அதை மூலைக்கு மூலை மடிச்சு முக்கோணமாக்கி, நீளமான விளிம்பு உங்க பக்கமும் கூர் எதிர்ப்பக்கமும் இருக்கிற மாதிரி வைங்க. வலது மூலையை எடுத்து இடது சரிவு மேல கொண்டுபோய் வைங்க. எங்க வைக்கிறதுங்கிறதுதான் விஷயம்: மடிச்ச துண்டோட மேல் விளிம்பு, உங்க பக்கம் இருக்கிற நீள விளிம்புக்கு இணையா, சாயாம வரணும். அதே மாதிரி இடது மூலையை எடுத்து வலது பக்கம் வைங்க, அது மேல ஏறிப் படுத்துக்கும். இப்ப மேல ரெண்டு கூர் முக்கோணம் மிச்சம் நிக்கும். முன்னாடி இருக்கிற கூரை முன்னாடி மடிச்சு அந்தத் துண்டுக்குள்ள இருக்கிற பாக்கெட்ல சொருகுங்க, திருப்பிப் போட்டு பின்னாடி இருக்கிறதை பின்பக்கமா மடிச்சிடுங்க. நடுவுல விரலை விட்டு விரிங்க, முடிஞ்சுது.

சின்ன வயசுல தண்ணி குடிக்க பேப்பர் கப் மடிச்சிருப்பீங்களே, அதேதான், சைஸ்தான் பெருசு. வாய் தட்டையா 32 செ.மீ., அடி 13 செ.மீ., ஆழம் 23 செ.மீ.னு வரும். விரிச்சா வாய் 20 செ.மீ. வட்டம், அதனால அந்த அளவு கூடைக்குத்தான் இது உக்காரும். முழங்கால் உயரக் கூடைக்கு இது பத்தாது, அதுக்கு முதல்ல சொன்ன குழாய் பைதான் வேணும்.

ஈரக் குப்பை போடுறதா இருந்தா அடியில ரெண்டு மூணு பேப்பரை கசக்கி வச்சிடுங்க, தண்ணியை அது குடிச்சுக்கும். தோல், இலை, டீத்தூள் எல்லாத்தையும் நல்லா வடிய விட்டு போடணும். ஒரு நாளைக்கு மேல வச்சிருக்காதீங்க. ரெண்டாவது நாள் தூக்கினா அடி கூடையிலயே தங்கிடும், கையில வெறும் வளையம் மட்டும் வரும். பேப்பர்ல நார் ஒண்ணோட ஒண்ணு புடிச்சிருக்கிறது ஹைட்ரஜன் பிணைப்புங்கிற லேசான பிடிமானத்துல, தண்ணி உள்ள போனா அந்தப் பிடியை எடுத்துடும், நியூஸ் பேப்பர்ல அதைத் தடுக்க எதுவும் சேக்கறதில்ல. பேப்பர் மேல கோவப்பட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல.

எதுக்கு வேணாம்

சாப்பாட்டை நேரடியா இதுல வைக்காதீங்க. நியூஸ் பேப்பர் இங்க் காஞ்சு போற இங்க் இல்ல, எண்ணெய் மாதிரி இருக்கிற அது பேப்பருக்குள்ள ஊறித்தான் நிக்குது, அதான் பேப்பர் படிச்சா விரல் கருப்பாகுது. சூடான பொருள், எண்ணெய்ப் பதார்த்தம் பட்டா இங்கும் அதுல இருக்கிற மினரல் ஆயிலும் நேரா அதுல ஏறிடும். தோல் உரிச்சு சாப்பிடுற வெங்காயம், உருளைக்கிழங்கு தூக்கிட்டு வர ஓகே. மாவு, சர்க்கரை, பிரட், வெட்டின பழம் எதுவும் இதுல போடாதீங்க, அதுக்கு துணிப்பையோ டப்பாவோ வச்சுக்கோங்க. வெள்ளைத் துணி, புதுத் துணியும் வேணாம், கருப்பு ஒட்டும். நான் ஒரு தடவை வெள்ளைச் சட்டையை சுத்தி வச்சேன், கழுத்துப் பட்டையில விளம்பரத்தையே படிக்கலாம் போல இருந்துச்சு.

கூரான பொருள், உடைஞ்ச கண்ணாடி மாதிரி, போடணும்னா முதல்ல நாலஞ்சு பேப்பர்ல தனியா சுருட்டிட்டு அப்புறம் பையில போடுங்க, மேல எழுதியும் வைங்க, குப்பை எடுக்கிறவங்க கை அது.

செருப்பு, ஷூ வைக்க, பழைய சார்ஜர் வயரெல்லாம் தனித்தனியா பிரிச்சு வைக்க, கிஃப்ட் குடுக்க, செடி நாத்து வளத்து அப்படியே மண்ணுல புதைக்க, இதுக்கெல்லாம் இது அருமையான விஷயம். நாத்துக்கு செய்றதா இருந்தா அடியை பசை போட்டு ஒட்டாதீங்க, சும்மா மடிச்சு வச்சாலே மண்ணு கனத்துல நிக்கும், வேர் சுலபமா வெளிய வரும்.

எடுத்து வைக்கிறதும் தூக்கிப் போடுறதும்

செஞ்ச பைகளை தட்டையா மடிச்சு, காத்தோட்டமா காஞ்ச இடத்துல வைங்க. சிங்க்குக்கு அடியில வைக்காதீங்க, ஈரம் ஏறிடும், மைதா வாசனைக்கு கரப்பானும் வெள்ளி கலர்ல ஓடுமே ராமபாணப் பூச்சி, அதுவும் வந்துடும், ரெண்டுக்கும் மாவுப் பசைனா உயிர். மூணு மாசத்துக்கு மேல சேத்து வைக்கிறதே வேஸ்ட், பத்து பதினஞ்சு செஞ்சு வச்சு தீந்ததும் அடுத்தது செய்யலாம்.

திரும்பத் திரும்ப உபயோகிங்க, மடிப்புல நூல் நூலா பிரிய ஆரம்பிச்சா அதை குப்பைக் கூடைக்கு இறக்கிடுங்க. அழுக்காகாத பை பழைய பேப்பரோட சேத்து ரீசைக்கிளுக்குப் போகலாம், கயித்தை மட்டும் அவுத்துக்கோங்க, அது அடுத்த பைக்கு ஆகும். ஈரமானது, கறை பட்டது எல்லாம் உரத் தொட்டிக்கு. அப்படியே மொத்தமா போட்டா கட்டியா ஒட்டிக்கிட்டு காத்துப் போகாம நாறும், கையால துண்டு துண்டா கிழிச்சு பச்சைக் கழிவோட கலந்து போடுங்க. கிழிக்கும்போது நார் எந்தப் பக்கம் ஓடுதுனு இப்ப உங்களுக்குத் தெரியுமே, அந்தப் பக்கம் இழுங்க, சர்ருனு வரும்.